எங்கள் போஸ்டரின் நன்றி வரி

பெருமாநல்லூர் சாயப்பட்டறையின் சிவந்த தண்ணீரை, நாங்கள் மரபணு மாற்றி வளர்த்த பாக்டீரியா இன்று காலை தெளிய வைத்துவிட்டது.

இரண்டு முறை பாக்டீரியா செத்து, நாங்களே கைவிடப் பார்த்த கல்லூரி ப்ராஜெக்ட் இது.

உடனே ப்ராஜெக்டை விளக்கும் போஸ்டரில் நன்றி எழுத உட்கார்ந்தோம். மைக்ரோபயாலஜி மேடத்திடம், "உங்க பேருதானுங்க முதல்ல" என்றேன்.

"என்ற பேரு எதுக்கு கண்ணு? ஞாயித்துக்கிழமையெல்லாம் வந்து லேபைத் தொறந்து உட்டது கெமிஸ்ட்ரி சாரு" என்றார்.

சாரிடம் போனோம். "நான் சாவி வெச்சிருந்தேன், அவ்வளவுதான். பாக்டீரியா செத்தப்போ மறுபடி வளர்க்கச் சொல்லிக்குடுத்தது மேடம். அவங்க பேரைப் போடுங்க."

தெளிந்த தண்ணீர் இருந்த குடுவையைப் பார்த்து மட்டும் இருவரும் எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

இரண்டு பேரையும் ஒரே வரியில் போட்டுவிட்டோம். முதலில் இருப்பவர் நாளை கோபிப்பார். போஸ்டரைக் காட்ட யார் போவது என்று இப்போது எங்களுக்குள் சண்டை. துணைக்கு யாராவது வருகிறீர்களா?