வண்டியில் குற்றமில்லை

கர்ணன் மாமா எங்கே நடந்து போனாலும் கக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கும். அதில் பாட்டு வராது, செய்தி வராது. முள்ளை இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில், யாரும் பேசாத இடத்தில் நிறுத்தி வைத்திருப்பார். லேசான இரைச்சல் மட்டும் கேட்கும். மின்கம்பம் ஒன்று வந்தால் நடையைக் குறைப்பார். சில இடங்களில் நின்று, பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டுவிட்டு, அண்ணாந்து பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் இதுதான், சுடுகாட்டுக்குப் போனாலும் இதுதான். நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து, பெரியகுளத்துக்குப் போய் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்து முடிக்கும் வரைக்கும் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உங்க மாமனுக்குப் பாட்டு எங்கன வருதுன்னே தெரியாதாடி?" என்று தோழிகள் கேட்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். அத்தை கஸ்தூரியம்மாளிடம் கேட்டால் வெடுக்கென்று பதில் வரும். "கூடலூர்ல ஒரு பயலுக்கு ஒரு சொல்லு சொல்லணும். சொல்ல வாய் வரல. சொல்லாத மனுசன் இப்பிடித்தான் திரிவாரு."

அந்தப் பயல் பெயர் ஒச்சாண்டி. அவனிடம் சொல்ல வேண்டியது இதுதான்: உன் அம்மா செத்ததற்கு நீ காரணமில்லை. இதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே மாமா ஒருவர்தான் என்று மாமா நம்பினார்.

தேனியில் மதுரை ரோட்டில் மாமாவுக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன் வேலைகள். எழுபதுகளில் ஏலக்காய் வியாபாரிகள் காருக்குள் ரேடியோ வைக்க ஆரம்பித்தார்கள். வைத்த மறுநாளே முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவார்கள். என்ஜினை முடுக்கினால் ரேடியோவுக்குள் வண்டு கத்தும். பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் கடுகு வெடிக்கும்.

மாமா அதற்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பார். பிறகு ஓடவிட்டுக் கேட்பார். பிறகு ஏரியல் கம்பியைப் பிடுங்குவார். பிடுங்கியதும் சத்தம் நின்றால் அது காற்று வழியாக வருகிறது. நிற்காவிட்டால் பேட்டரி ஒயரில் ஏறி வருகிறது. அதைப் பிரித்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார். வண்டுக்கு டைனமோவில் கண்டன்சர். கடுகுக்கு பிளக் ஒயரில் ரெசிஸ்டர். பானெட்டில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஒரு எர்த் கம்பி. "நம்ம சத்தம் எது, அடுத்தவன் சத்தம் எதுன்னு பிரிச்சிட்டா வேல முடிஞ்சுது" என்பார்.

எழுபத்தெட்டு சித்திரையில் பஜாரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ஞானதுரை, மாமாவின் கடை வாசலில் காரை நிறுத்தினார். குமுளிப் பக்கம் அவருக்குத் தோட்டம். வாரம் தவறாமல் போய்வருகிறவர்.

"ஏலே கர்ணா, நீ ரேடியோ வச்சியா, பணியாரச் சட்டி வச்சியா? கூடலூரத் தாண்டினா சொய்ங்குது."

"எல்லாம் கட்டிட்டேனே அண்ணாச்சி."

"நீ கட்டுன லட்சணத்த பஜாருல நாலு பேருக்குப் போட்டுக் காட்டட்டுமா?"

மாமாவுக்கு அது சுருக்கென்று பட்டது. கடையை அப்படியே போட்டுவிட்டு அதே காரில் ஏறிக்கொண்டார்.

கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் போகிற வழியில், புளியமரங்களுக்கு நடுவே சத்தம் ஆரம்பித்தது. மாமா காரை நிறுத்தச் சொன்னார். என்ஜினை அணைத்தும் சத்தம் போகவில்லை. ஏரியலைப் பிடுங்கியதும் நின்றது. மாமாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் வெளிச்சத்தம் என்று வாயால் சொன்னால் ஞானதுரை ஒத்துக்கொள்கிற ஆளில்லை. எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். ஏரியலை மறுபடி மாட்டி, என்ஜின் ஓடாமல், ரேடியோ மட்டும் பாட, காரை மெல்ல நகர்த்த வேண்டும். ஞானதுரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மாமா இறங்கித் தள்ளினார்.

ஓரத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அவர்தான் மொக்கம்மாள். பெயர் அப்போது மாமாவுக்குத் தெரியாது.

"எண்ணெ தீந்துபோச்சாய்யா?"

"இல்லத்தா. சத்தத்தத் தேடுறோம்."

"நல்லாருக்கு! தொலஞ்சதத் தேடுவாக. நீங்க இருக்குறதத் தேடுறீகளாக்கும்." யாரும் கேட்காமலே காரின் பின்னால் கைவைத்துத் தள்ளினார். "பாத்துய்யா, நான் தள்ளுற தள்ளுல வண்டி குமுளியில போய் நிக்கும்."

முன்னால் தள்ளினார்கள், பின்னால் தள்ளினார்கள். ஒரு இரும்புக் கம்பத்துக்கு நேராக வரும்போது ரேடியோ காதைப் பிய்த்தது. மாமா அண்ணாந்து பார்த்தார். மேலே ஒயரைத் தாங்குகிற பீங்கானில் கறுப்பாக ஒரு கீறல். கம்பம் சாயாமலிருக்க மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய இழுகம்பியில் ஒரு வெள்ளாடு கட்டிக் கிடந்து அசை போட்டது. மொக்கம்மாளின் ஆடு.

"பீங்கான் விரிஞ்சிருக்கு அண்ணாச்சி! கரண்டு கசியுது, அந்தச் சத்தம்தான். வண்டியில குத்தமில்ல!" என்று மாமா கத்தினார்.

"பொழச்சுப் போ" என்று ஞானதுரை சிரித்தார்.

"என்னய்யா கசியுது?" என்று கேட்டார் மொக்கம்மாள்.

"ஒண்ணுமில்லத்தா. வண்டி நல்லாருக்கு."

"அப்ப நான் மூச்சு வாங்கத் தள்ளுனது வீணா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கார் கிளம்பியது. அந்தக் கம்பத்தைத் தாண்டியதும் ரேடியோ தெளிவாகப் பாடியது. மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் அந்தப் பீங்கான் உடைந்து, ஒயர் கம்பத்தின் இரும்பில் சாய்ந்தது. கரண்டு இழுகம்பிக்கும் இறங்கியது. அதில் கட்டியிருந்த ஆடும், அதை அவிழ்க்கப் போன மொக்கம்மாளும் அங்கேயே விழுந்தார்கள். இந்தச் சேதியை மாமாவிடம் கொண்டுவந்தவர் ஞானதுரைதான். ஹாரன் வேலைக்காகக் கடைக்கு வந்தவர் கதையாகச் சொன்னார்.

"நம்ம வண்டியத் தள்ளுச்சே ஒரு பொம்பள, அதுதாம்ப்பா. சாயங்காலம் ஆட்ட அவுக்குறது மகன் வேலையாம். அந்தப் பய ஒச்சாண்டி சொல்லாம கொள்ளாம சினிமாவுக்குப் போயிட்டான். ஆத்தாக்காரி மழையில தானே போயிருக்கா. ஊரே அவன் மூஞ்சியில துப்புதாம்." பிறகு மாமாவின் தோளில் தட்டினார். "நீ அன்னைக்கே சொன்னியே கர்ணா! உன் காது காதுதான்யா."

மாமா கையிலிருந்த ஹாரனை மேஜையில் வைத்தார். அதன் பிறகு கார் ரேடியோ எதையும் தொடவில்லை. கேசட் பிளேயர் வந்து எல்லா வண்டியிலும் பாட்டுக் கேட்ட காலத்திலும், சத்தம் வருகிறது என்று யார் வந்தாலும் வேறு கடையைக் கைகாட்டினார். டிரான்சிஸ்டரோடு ரோடு ரோடாகப் போனார். சத்தம் கேட்கும் கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, மின்வாரிய ஆபீஸில் போய்ச் சொல்லுவார். சிலர் போய்ப் பார்த்தார்கள். சிலர், "வாங்க போஸ்ட்டு டாக்டரே, இன்னைக்கு எந்தக் கம்பத்துக்குக் காய்ச்சல்?" என்றார்கள்.

கூடலூருக்கும் போனார். முதல் தடவை வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது மொக்கம்மாளின் மகள் ராமுத்தாய் வாசலில் இருந்தாள். ஒச்சாண்டி வேலைக்குப் போயிருந்தான். யாரென்று கேட்டதற்கு, தேனியிலிருந்து வருகிறேன் என்று மட்டும் மாமா சொன்னார். ராமுத்தாய் அவரை வியாபாரி என்று நினைத்துக்கொண்டாள். "ஆடு வாங்க வந்தீகளா? பிடிச்சுட்டுப் போங்க. இதுகளப் பாத்தாலே எனக்கு ஆகல" என்று அழுதாள். மாமா ஒரு ஆட்டோடு வீடு வந்து சேர்ந்தார்.

"சொல்லப் போன வாயி ஆட்டப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கு" என்றார் அத்தை. பிறகு ஆட்டைக் கட்ட இடம் தேடி, வாசலில் நின்ற மின்கம்பத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த ஆட்டை நாங்கள் கடைசிவரை அறுக்கவில்லை.

ஒச்சாண்டியை மாமா நேரில் பார்த்தது ஒரே தடவை. லோயர் கேம்ப்பில் ஒரு டீக்கடை. பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்தவனை டீக்கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாமா டீ கிளாஸைக் கீழே வைத்து, மடியில் இரைந்த டிரான்சிஸ்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அதுல பாட்டு வைக்க மாட்டீகளா? சும்மா இரையுது" என்றான் அவன்.

"எங்கன கெளம்பிட்ட?"

"மேல எஸ்டேட்டுக்கு. இனிமே அங்கனதான்."

"ஊருக்கு வரமாட்டியா?"

"அக்கா சோறு போடும். மத்தவுக பாக்குற பார்வைக்கு உக்கார முடியாதுண்ணே. ஆட்ட அவுக்காத பயன்னுதான் எனக்குப் பேரு. அதுவும் நெசந்தான?"

மாமா முள்ளைத் திருப்பி ஒரு பாட்டு வைத்தார். அவன் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்தான். குமுளி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

இதையெல்லாம் மாமா எனக்குச் சொன்னது, எண்பத்தாறில் மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன். அடிப்பான் என்று பயமா?

"அடிச்சா வாங்கியிருப்பேன் ஆத்தா. 'எங்கம்மா அன்னைக்கு எப்பிடி இருந்துச்சு'ன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? சிரிச்சுச்சுன்னா சொல்லுவேன்? எங்க வண்டியத் தள்ளுச்சுன்னா சொல்லுவேன்?"

பிறகு, "நீ படிச்சிருக்கேல்ல. சித்திரையில கேட்ட சத்தத்துக்கும் ஐப்பசியில பாஞ்ச கரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?" என்றார்.

"கட்டாயம் உண்டுன்னு சொல்ல முடியாது மாமா. நடுவுல அந்தப் பீங்கான மாத்திக்கூட இருக்கலாம். வேற பீங்கான் ஒடஞ்சிருக்கலாம்."

"இது பரீச்சையில எழுதுற பதிலா, மாமனுக்குச் சொல்ற பதிலா?"

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்தது உதவும் என்று என்னிடம் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அது. நான் சொன்னது பாடப்புத்தகப்படி சரிதான். ஆனால் அது உண்மைக்காகச் சொன்னதா, அந்த மஞ்சள் பூத்த கண்களைப் பார்க்க முடியாமல் சொன்னதா? இன்றும் எனக்குத் தெளிவில்லை. அவர் அன்று அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மொக்கம்மாள் ஆட்டை வேறு இடத்தில் கட்டியிருப்பார். அதற்கு பிசிக்ஸ் தேவையில்லை.

"நீ போய்ச் சொல்லிராத. அது என் வாயால போகணும். எந்திரிச்சதும் போறேன்" என்றார். மாசியில் இறந்துபோனார்.

போகாதே என்று சொன்னவரின் பேச்சை மீறலாமா என்று பல மாதம் யோசித்தேன். அவர் பெயரைக் கெடுக்கிறேனா, காப்பாற்றுகிறேனா என்றும் விளங்கவில்லை. அத்தைதான், "போ. உனக்காச்சும் வாய் இருக்கான்னு பாப்போம்" என்று கூடலூர் பஸ் ஏற்றிவிட்டார்.

ராமுத்தாய் நான் சொல்லி முடிக்கும்வரை முறத்தில் இருந்த உளுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஆடு வாங்குனவுகளா?"

"ஆமா."

"என்னப் பாத்துக்கிட்டு நின்னாக. நான் தண்ணி குடுத்தேன். குடிச்சாக." முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா எந்தம்பிய நானும் வைஞ்சிருக்க மாட்டேனே. செத்த வீட்டுல எல்லாருக்கும் முன்னால அவன நான்தான் மொதல்ல வைஞ்சேன்."

ஒச்சாண்டி எங்கே என்று கேட்டேன். முதலில் ஒரு எஸ்டேட்டில் இருந்தானாம். அங்கே ஆள் விட்டுக் கேட்டதற்கு, கோட்டயம் பக்கம் ரப்பர் வேலைக்குப் போய்விட்டான் என்றார்களாம். அப்புறம் தகவல் இல்லை. தீபாவளிக்கும் வருவதில்லை.

"பஸ்ஸுல, சந்தையில எங்கனயாச்சும் பாத்தா அவங்கிட்டச் சொல்லிரு ஆத்தா" என்றாள். "சொல்லிட்டு, எனக்கும் வந்து சொல்லு."

அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. எந்த ஊரிலோ ரப்பர் மரத்தைக் கீறிக்கொண்டு, ஆட்டை அவிழ்க்காததால்தான் அம்மா போய்விட்டாள் என்றே அவன் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பான். மாமா அவனுக்குக் கொடுக்க வேண்டிய சொல் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.