நான் முதற்பாதி மட்டும் பார்த்த படங்கள்

பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் ஒரு வேலைதான். சம்பளம் இல்லை, சங்கம் இல்லை, லீவு கேட்டாலும் கிடைக்காது. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் சின்னப் பிள்ளைகளை வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொம்பியூட்டரில் செய்த பிராணிகள் வாய் திறந்து கதைக்கத் தொடங்கிய காலம் அது. ஒன்று ஓய்ந்தால் அடுத்தது தொடங்கும். உங்களைப் போலவே நானும் சனிக்கிழமை மத்தியானங்களில் பொப்கோர்ன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் இருந்தவன். அந்த அனுபவத்தில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. ஒரு குறையை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: எந்தப் படத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த கதை

நான் கனடாவுக்குப் புறப்படும்போது மகள் அபிக்கு மூன்று மாதம். அவளும் என் மனைவி வதனியும் வந்து இறங்கும்போது அவளுக்கு ஆறு வயது. விமான நிலையத்தில் தாயின் பின்னால் ஒளிந்து நின்று, கையில் வைத்திருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். போட்டோவில் எனக்கு மீசை இருந்தது. வடிவான மீசை. அதை மழித்ததற்காக அன்றுதான் முதன்முதலாக வருந்தினேன். அவள் என்னை "அப்பா" என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்து வந்த மாதங்களிலும் கூப்பிடவில்லை. என்னைப் பற்றித் தாயிடம் பேசுவாள்: "அம்மா, இவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்கோ, ரிவி தெரியேல்லை." நான் தள்ளி இருப்பேன். அது எனக்கு நொந்தது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையிடம் போய் நியாயம் கேட்க முடியுமா?

காரின் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு அப்போது விடியற்காலை ஐந்து மணி ஷிப்ட். பின்னேரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. தொழிற்சாலையில் பக்கத்து மெசினில் நின்றவர் செல்வம் அண்ணை. பிறகு பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனவர். மூன்று பிள்ளைகளின் தகப்பன் என்பதால் அவரிடம் ஆலோசனை கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் புட்டைக் குழைத்தபடியே தீர்ப்புச் சொன்னார்: "உதுக்கேன் யோசிக்கிறாய்? சனிக்கிழமையில படத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. இருட்டுக்குள்ள உன்ர முகம் தெரியாது, பிள்ளை வெக்கப்படாது."

எண்ணெய் தேய்த்த பல்லி

முதல் படம் ஒரு பல்லியைப் பற்றியது. திரை முழுக்கப் பல்லி. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு முழுகாமல் ஓடி வந்ததுபோல அப்படி ஒரு மினுமினுப்பு. பல்லி என்றால் சுவரில் பேசாமல் ஒட்டிக்கொண்டு, எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லும்; அதற்கும் நாங்கள் பலன் பார்ப்போம். இந்தப் பல்லி நிறுத்தாமல் கதைத்தது. அவ்வளவுக்கும் பலன் பார்ப்பதென்றால் பஞ்சாங்கம் பத்துத் தொகுதி வேண்டும்.

இந்தப் படங்களுக்கெல்லாம் ஒரு விதி இருக்கிறது. முதல் பத்து நிமிடத்துக்குள் குட்டி தாய் தகப்பனைத் தொலைத்துவிட வேண்டும். வெள்ளம் வரும், அல்லது லொறி வரும், அல்லது யாராவது போத்தலுக்குள் பிடித்துப் போடுவார்கள். பல்லிக்குட்டியைத் தபால் பெட்டிக்குள் போட்டு ஊர்விட்டு ஊர் அனுப்பிவிட்டார்கள். தகப்பன் பல்லி சுவரில் தனியாக நின்று பார்த்ததுதான் எனக்குக் கடைசியாக நினைவிருக்கிறது. எங்கள் ஆட்களின் படமென்றால் பாதியில் இடைவேளை விட்டு, லைற்றைப் போட்டு எழுப்பிவிடுவார்கள். இங்கே அந்த நாகரிகம் கிடையாது. நான் கண் விழித்தபோது திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் மகளுக்கும் நடுவில் காவல் போல இருந்த வதனியிடம் அபி கேட்டுக்கொண்டிருந்தாள்: "அம்மா, இவருக்கு வீட்டில கட்டில் இருக்குத்தானே?"

மயிர் இல்லாத உலகம்

அடுத்தது தவளை. அதற்கடுத்தது நண்டு. எல்லாம் வழுவழுவென்று இருந்தன. ஏன் ஒரு பூனை இல்லை, நாய் இல்லை என்று எனக்குப் பெரிய சந்தேகம். செல்வம் அண்ணையின் மூத்த மகன் கொலிஜ்ஜில் கொம்பியூட்டர் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டு நேரத்தில் அண்ணை எனக்கு விளக்கினார். ரோமம் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லையாம். ஒவ்வொரு மயிருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டுமாம். அதனால்தான் முடியில்லாத பிராணிகளாகப் பார்த்துப் பிடிக்கிறார்களாம். சொல்லிவிட்டு அண்ணை தன் வழுக்கைத் தலையை ஒரு தரம் தடவினார்: "அப்ப என்னையும் கொம்பியூட்டரிலதான் செய்திருக்கினம்."

தவளைக் கல்யாணம்

தவளைப் படத்தை வீடியோவில்தான் பார்த்தோம். எதிர் அப்பார்ட்மென்றில் இருந்த பூமணி அன்ரியும் வந்திருந்தார். அன்ரிக்கு இங்கிலிஸ் தெரியாது. ஆனால் எந்தப் படத்திலும் யார் கூடாதவன் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். எங்கள் வீடுகளில் ரிமோட் தகப்பனின் கையில் இருப்பது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு முகங்கள் ஒன்றையொன்று நெருங்கினால் எங்கள் பெருவிரல் தானாகவே அமத்திவிடும், படம் குடுகுடுவென்று ஓடும். பிள்ளைகள் கூரையைப் பார்ப்பார்கள், பெரியவர்கள் தேத்தண்ணியைப் பார்ப்பார்கள், பிறகு எல்லோரும் மறுபடி ரிவியைப் பார்ப்போம்.

குளத்தில் நிலவு வந்தது. இரண்டு தவளைகள் தாமரை இலையில் நெருங்கி வந்தன. சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. என் பெருவிரல் அமத்திவிட்டது. தவளைகள் முத்தமிட்டு, சண்டை பிடித்து, மூன்று கிலோமீற்றர் பாய்ந்து, வேறு ஒரு குளத்துக்கே போய்விட்டன. அபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்காக நான் எத்தனை தவளைகளை வேண்டுமானாலும் ஓடவிடத் தயாராக இருந்தேன். பூமணி அன்ரி மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, சும்மா ஓடவிடாதையும். ரெண்டும் கலியாணம் கட்டினதுகளோ எண்டு முதல்ல பாரும்."

நண்டுக்கு என்ன நடந்தது

வதனிக்குச் சனிக்கிழமைகளில் இங்கிலிஸ் வகுப்பு தொடங்கியது. நானும் அபியும் தனியே படத்துக்குப் போக வேண்டி வந்தது. தாய் வழக்கமாக இருக்கும் நடுக் கதிரையில் எங்கள் இரண்டு பேரின் குளிர் ஜக்கெற்றுகளையும் அபி குவித்து வைத்தாள். எல்லை என்றால் எல்லைதான். நண்டுக்குஞ்சை அலை அடித்துக்கொண்டு போன இடத்தில் நான் வழக்கம்போலக் கண்ணயர்ந்துவிட்டேன்.

வழக்கமாகத் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தாயோடு படத்தை முழுதாகத் திரும்பக் கதைப்பாள். நான் பின் சீற்றில் இருந்து காது கொடுப்பேன். அன்றைக்குத் தாய் இல்லை. வெளியே பனி. இரண்டு தரிப்பு வரைக்கும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கதை அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்றது தெரிந்தது. "நண்டுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று மெல்லக் கேட்டேன். தொடங்கினாள் பாருங்கள். கைகளை நண்டுக் கொடுக்குப் போல வைத்துக்கொண்டு, பெயரும் சொல்லாமல் முறையும் சொல்லாமல், என்னிடம்தான் சொன்னாள். தகப்பன் நண்டு கடலின் அடியில் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் கேட்டதாம். நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி மூன்று தரிப்புப் போய்விட்டோம். பனிக்குள் திரும்பி நடக்கும்போதும் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது: "நீங்கள் முழிச்சிருந்தா நான் இவ்வளவு சொல்லத் தேவையில்லையே?"

தொழிலில் ஒரு கள்ளம்

இதைக் கேட்டபின் எந்தத் தகப்பனாவது விழித்திருப்பானா? அடுத்த சனிக்கிழமை கெட்ட காலத்துக்கு எனக்கு நித்திரை வரவில்லை. முந்தின நாள் தொழிற்சாலையில் மெசின் ஒன்று பழுதாகி, எங்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திரையில் வண்டுகளின் படை அணிவகுத்துப் போனது. நான் இறுகக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி இருப்பது, ஐந்து மணி ஷிப்ட்டை விடக் கஷ்டமான வேலை. படம் முடிந்து லைற் போட்டதும் கண்ணைக் கசக்கி, கொட்டாவி விட்டு, நன்றாகவே நடித்தேன். பஸ்ஸில் ஏறியதும், "வண்டுகளுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன். அபி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் நித்திரை கொள்ளேல்லை. குறட்டை கேக்கேல்லை." ஆனாலும் கதையைச் சொன்னாள்.

ஆமை வந்த சனிக்கிழமை

வதனியின் வகுப்பு முடிந்தபின் மூன்று பேருமாகப் போனது ஆமைப் படத்துக்கு. அபி நடுவில் இருந்தாள். ஜக்கெற்றுகள் வதனியின் மடிக்குப் போயின. அந்தக் கிழமை நான் இரண்டு வேலையிலும் மேலதிக நேரம் செய்திருந்தேன். ஆமைக்குட்டி முட்டையை விட்டு வெளியே வந்தது தெரியும். தகப்பன் அதைத் தொலைப்பதற்கு முன்பே நான் நித்திரைக்குப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வதனி மிச்சத்தைச் சொன்னாள். என் குறட்டை ஆமைகளின் சத்தத்தை மேவிவிட்டதாம். முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பி, எழுப்பச் சொல்லி இங்கிலிஸில் ஏதோ கடுமையாகச் சொன்னாராம். வதனி வகுப்பில் படித்த இங்கிலிஸைத் தேடி எடுப்பதற்குள் அபி எழும்பி நின்றுவிட்டாளாம். அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னாள் என்று கேட்டேன். "‘ஹி இஸ் மை டாட், ஹி வேர்க்ஸ் வெரி ஹார்ட்’ எண்டு சொன்னவள். சொல்லிப்போட்டு என்னட்டத் திரும்பி, ‘அம்மா, அப்பாவின்ர தலை சரியுது, ஜக்கெற்றைத் தாங்கோ, வைச்சு விடுவம்’ எண்டவள்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டேன். மாதக்கணக்காக நான் காத்திருந்த சொல் அது. சொல்லும்போது நான் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டிருக்கிறேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது, என் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது. அபி அறைக்குள் நிலத்தில் இருந்து ஆமை கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அதனால், "படத்தில பிறகு என்ன நடந்தது?" என்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை, பச்சைப் பென்சிலையும் வைக்கவில்லை. "கடைசியில எல்லாரும் வீட்டை வந்து சேர்ந்திட்டினம், அப்பா."

குடும்பப் படங்களைப் பற்றி என் முடிவான கருத்து இதுதான்: முதற்பாதி சரியான நீளம், இரண்டாம் பாதியை யாராவது சொல்லிக் கேட்டாலே போதும்.