வாங்கில் இருந்த மாப்பிள்ளை

என் கணவர் அமெரிக்கர். தொழில்முறை உதைபந்தாட்டக்காரர். கோல் கீப்பர். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். நானும் ஒரு காலம் விரித்தவள்தான். பிறகுதான் தெரிந்தது, இவர் காத்தது கோலை இல்லை, வாங்கை என்று. மைதானத்து ஓரத்தில் மாற்று ஆட்டக்காரர்கள் குந்தியிருப்பார்களே, அந்த வாங்கு. அதை ஒருவரும் தூக்கிக்கொண்டு ஓடிவிடாமல் வருஷக்கணக்காகக் காவல் இருந்தார்.

அங்கே பந்து விளையாடியதற்காகவே பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்துப் படிப்பித்தார்களாம். படித்து முடிய, பெரிய லீக்கில் ஒரு கழகம் எடுத்தது. எடுத்து இருத்தியது. அடுத்த வருஷம் வேறு ஊருக்கு அனுப்பினார்கள், அங்கேயும் இருந்தார். அதற்கடுத்த கழகம் இவர் போய் இருந்த வருஷமே இழுத்து மூடப்பட்டது. பாரம் தாங்கவில்லையோ என்னவோ. பிறகு ஒரு படி இறங்கி, எல்லையும் தாண்டி, மொன்றியால் வந்து சேர்ந்தார். இங்கே முதலாவது கோல் கீப்பர் ஒரு கியூபெக்காரர். இந்தக் குளிரில் எனக்கும் உங்களுக்கும் மூக்கு ஒழுகும். அந்த மனுஷனுக்கு ஒரு தும்மல்கூட வராது. ஆட்டம் தொடங்க முன்னம் அவருக்கு உடம்பு சூடேறப் பந்து உதைத்துக் கொடுப்பதும், பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாங்கில் ஏறுவதும்தான் இவருடைய உத்தியோகம். பனிக்காலத்தில் புவாண்ட்-கிளேர் அங்காடியில் சனத்தின் காலுக்கு அளவு பார்த்துச் சப்பாத்து விற்பார். இந்த நகரத்தில் கோல் கீப்பர் என்று சொன்னால் எந்த ஹொக்கி ரீம் என்றுதான் கேட்பார்கள். உதைபந்து என்று திருத்தினால், அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

நான் அப்போது கோட்-டெ-நெய்ஜில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாய்ந்து பந்து பிடித்ததில் பட்டதா என்று கேட்டேன். இல்லையாம், பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது பனியில் சறுக்கியதாம். ஆளை அந்த இடத்திலேயே எடைபோட்டிருக்க வேண்டும். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த வருஷம் நீதிமன்றத்தில் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் என்னோடு வேலை செய்த இரண்டு பேர்.

அப்பா வரவில்லை. வெள்ளைக்காரன் என்பதைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பார், தொழிலைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

"கண்டறியாத புட்போல்! பந்து விளையாடுறது ஒரு உத்தியோகமோ? அதிலயும் உவர் விளையாடாமல் இருக்கிறதுக்கெல்லோ சம்பளம் வாங்குறாராம்!"

இதை எனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்ல, அம்மா ஒளித்துப் போன் எடுத்து எனக்குச் சொன்னாள். அன்றோடு அப்பா என்னுடன் கதைப்பதை நிறுத்தினார். அப்பா நிறுத்தியதும் ஊர்ச்சங்கமும் நிறுத்தியது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் ஊரிலிருந்து வந்து குடியேறிய சனம் ஒரு தெரு நிறைய இருக்கிறது. கடை வாசலில் என்னைக் கண்டால் எல்லோருக்கும் திடீரென்று வெண்டிக்காய் முற்றலா பிஞ்சா என்று முறித்துப் பார்க்கிற அவசரம் வந்துவிடும். ஒன்றுகூடல் அழைப்பு இல்லை, பிறந்தநாள் இல்லை, செத்தவீட்டுச் சேதிகூட இல்லை. நாலு வருஷம் இப்படிப் போனது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. தும்மாத கியூபெக்காரர் பருவம் முடிந்ததும் விலகப்போவதாக அறிவித்தார். பயிற்றுநர் இவரைக் கூப்பிட்டு, வருகிற வருஷம் கோல் உன்னுடையது என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை மருத்துவப் பரிசோதனை, அது முடியக் கையெழுத்து. முப்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் முதல் தரம் வேலைக்குப் போகப்போகிறார்! எவ்வளவு நக்கலடித்தாலும், அன்று எனக்குச் சந்தோஷத்தில் பிடிபடாத புழுகம். இவர் குசினிக்குள் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டே சீட்டியடித்தார். அதற்கு முன் இவர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை.

சங்கத் தலைவருக்கு மூக்கில் வியர்த்ததுபோல அந்தக் கிழமைதான் எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு வடை. நாலு வருஷம் வெண்டிக்காய் முறித்த அதே கை.

"பிள்ளை, சுகமாய் இருக்கிறியோ? எங்கை எங்கட மாப்பிள்ளை?"

எங்கட மாப்பிள்ளையாம்! வாசலில் நிற்கவைத்தே விஷயத்தைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மொன்றியாலில் இருக்கிற ஊர்ச்சங்கங்களுக்கிடையிலான உதைபந்துக் கப். மழையால் தள்ளித் தள்ளிச் செப்டம்பருக்கு வந்திருந்தது. அதற்குள் எங்கள் ஊர்க் கோல் கீப்பர், மொன்றியால் தமிழர் எல்லோரும் என்றோ ஒருநாள் செய்வதுபோல, வீட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். ரீமில் எஞ்சியிருந்தது வயிறுகள் மட்டும்தான். விளையாடுகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும் என்பது போட்டி விதி. அந்த 'அல்லது'வைப் பிடித்துக்கொண்டுதான் தலைவர் எங்கள் படி ஏறியிருந்தார்.

முடியாது என்றேன். செவ்வாய்க்கிழமை பரிசோதனை இருக்கிறது, ஒரு விரல் சுளுக்கினாலும் எல்லாம் போய்விடும் என்றேன்.

"என்ன பிள்ளை, ஒரு நாள்தானே. பேந்து கொப்பரும் வருவார்" என்றார் தலைவர். தூண்டிலில் எதைக் குத்த வேண்டும் என்று அந்தாளுக்குத் தெரியும்.

இவர் பின்னால் வந்து நின்று, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க முன்னம் தலைவரே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் 'ஃபாதர் இன் லோ கம்மிங்' என்றார். அவ்வளவுதான். கோல் கீப்பர் ஐயா தலையாட்டிவிட்டார். அன்றிரவு முழுக்கச் சண்டை பிடித்தேன். வயிறு தள்ளிய மாமாமார் உதைக்கிற பந்து என்னை என்ன செய்துவிடப் போகிறது, சும்மா நின்றுவிட்டு வருகிறேன் என்றார். நிற்பதும் இருப்பதும்தானே இவருக்குக் கைவந்த கலை.

ஞாயிறு காலை பூங்காவில் இறங்கியதுமே எதிர் ஊர்க்காரர் பிரச்சினையைக் கிளப்பினார்கள்.

"உவர் ஆர்? வெள்ளைக்காரனை இறக்கிப்போட்டு ஊர் ரீம் எண்டு சொல்லுறியளோ?"

"எங்கட ஊர் மாப்பிள்ளை" என்றார் தலைவர்.

"மாப்பிள்ளையோ? கலியாணத்துக்கு உங்களில ஆர் போனது? ஆர் கண்டது?"

தலைவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். ஒருவரும் போகவில்லையே! போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டதே அவர்தானே. மோதிரத்தோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை ஒரு குஞ்சும் கேட்கவில்லை. கட்டினவள் நான். கடைசியில் மூன்றாம் ஊரைச் சேர்ந்த நடுவர் வழி சொன்னார்.

"பெட்டையின்ர தேப்பன் சொல்லட்டும்."

அப்பா வேலியோரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த கப்பைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஓம். என்ர மருமோன்தான்."

நாலு வருஷமாக வாயில் வராத சொல், ஒரு தகரக் கப்பைக் கண்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதற்காக இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல்.

அரையிறுதி ஆட்டம் தொடங்கியது. பந்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் ஊரே சேர்ந்து கத்தியது: "மாப்பிள்ளை, விடாத! மாப்பிள்ளை, பிடி!" இவர் கேட்டார், யோசித்தார், மாப்பிள்ளை என்றால் தமிழில் கோல் கீப்பர் என்று முடிவு கட்டிவிட்டார். அதில் வென்றதும் நேராக எதிர் ரீம் கோல் கீப்பரிடம் போனார். அந்த மனுஷன் மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவரைக் கட்டிப்பிடித்து, மைதானம் முழுக்கக் கேட்க, "குட் மாப்பிள்ளை! வெரி குட் மாப்பிள்ளை!" என்றார்.

கதிரையில் இருந்த ஒரு கிழவர் எழும்பினார். அந்தக் கோல் கீப்பரின் மாமனார்.

"உவன் நல்ல மாப்பிள்ளையோ? அது எனக்கல்லோ தெரியும்!"

சனம் புல்லில் விழுந்து சிரித்தது. இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தபடி விளக்கினேன்: மாப்பிள்ளை என்றால் கோல் கீப்பர் இல்லை, மகளின் புருஷன். இவர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். உன் அப்பாவும் அதைத்தான் சொல்லிக் கத்துகிறாரா என்று கேட்டார். ஓம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம் நான். போத்தலை என் கையில் திருப்பித் தந்துவிட்டு மைதானத்துக்குள் போய்விட்டார்.

இறுதி ஆட்டத்தில் அப்பா வேலியோரத்தை விட்டுக் கோலுக்குப் பின்னாலேயே வந்து நின்றார். நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றோம். முடியப்போகிற நேரம். எதிர் ரீமில் ஒரு நெட்டையன் தூரத்திலிருந்து ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து கோல் கம்பத்துப் பக்கம் போனது. மற்றவர்கள் என்ன கத்தினார்கள் என்று நினைவில்லை. அப்பாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"மாப்பிள்ளை, பிடியும்!"

மற்றவர்கள் எல்லாம் பிடி, விடாத என்று கத்த, அப்பா மட்டும் மரியாதை வைத்துக் கூப்பிட்டார். இவர் பாய்ந்தார். நான் கண்ட அத்தனை வருஷத்திலும் இவர் அப்படிப் பாய்ந்து பார்த்ததில்லை. விரல் நுனி பந்தில் பட்டது. மணிக்கட்டு இரும்புக் கம்பத்தில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கப் எங்களுக்குத்தான். தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பந்தைத் தொட்டே பார்க்காத தலைவரை! கம்பத்தடியில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த மனுஷனிடம் அப்பாவும் நானும் மட்டும்தான் போனோம்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் மூன்று பேரும் வரிசையாக இருந்தோம். கை வீங்கிப் பணியாரமாக இருந்தது. அப்பா குனிந்து வீக்கத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நாலு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பெற்ற தகப்பன் என்னுடன் கதைத்த முதல் வசனம் இது:

"பிள்ளை, அது வெளியில போற பந்து. விட்டிருக்கலாம்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"அப்ப ஏனப்பா கத்தினனீங்கள்?"

"கப் அல்லோ" என்றார். அதையும் ஏதோ தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சீ என்று போய்விட்டது எனக்கு.

எலும்பு முறிவு. சத்திரசிகிச்சை வேண்டும், பழைய பலம் வருமென்று சொல்ல முடியாது என்றார்கள். செவ்வாய்க்கிழமை மாக்கட்டுப் போட்ட கையோடு பரிசோதனைக்குப் போனார். கழக வைத்தியர் சட்டையைக் கழற்றக்கூடச் சொல்லவில்லையாம். கிழமை முடிய முன்னம் போன் வந்தது: ஒன்ராறியோவிலிருந்து ஓர் இளம் ஆளை எடுத்துவிட்டார்களாம். வருத்தம் தெரிவித்தார்கள், மிக மரியாதையாகத் தெரிவித்தார்கள். தலைவரும் போன் எடுத்தார். மருமகனுடைய கை வருகிற வருஷப் போட்டிக்குச் சரிவருமா என்று கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

இவருடைய விளையாட்டு வாழ்க்கை அத்தோடு முடிந்தது. பனிக்காலத்து வேலையாக இருந்த சப்பாத்துக் கடை கோடைக்கும் வேலையானது.

கழகத்தின் போன் வந்த அன்று மாலை, இரண்டு பேரும் மேசையில் சாப்பாட்டுக்கு இருந்தோம். எனக்கு அடங்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் சொன்னதை, ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அது வெளியே போகிற பந்தாம், விட்டிருக்கலாமாம். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தேன். அப்பாமேல் கோபப்படட்டும், தலைவரைத் திட்டட்டும், என்னையாவது திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

தெரியும் என்றார்.

எது தெரியும்?

வெளியே போகிறதென்று தெரியும் என்றார். எந்தப் பந்தை விடவேண்டும் என்று பார்ப்பதுதான் கோல் கீப்பருக்கு முதலில் படிப்பிக்கிற பாடமாம். நெட்டையனின் காலை விட்டுப் புறப்பட்டபோதே தெரிந்துவிட்டதாம்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் பாய்ஞ்சாய், விசரா?" தமிழில்தான் கத்தினேன். எப்படியோ விளங்கிக்கொண்டார்.

உன் அப்பா என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது என்றார்.

மாக்கட்டுக் கையைத் தட்டுக்கு அருகில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கோழித்துண்டைக் கத்தியால் வெட்டப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கிப் போனது. நான் தட்டை என் பக்கம் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் திரும்பத் தள்ளிவிட்டேன்.