நாய்க்குப் பத்தியம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது என் தங்கையின் பிள்ளை. அவள் போன பிறகு அதுவும் என் மடியில்தான் வளர்ந்தது. ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், நான்கு நாடுகளில் வீடு வாங்கியிருக்கிறார்கள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ஒரு நாயைப் பார்க்க எனக்குத் தெரியாது என்று இந்த வீட்டில் ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரமுள்ளவர்கள் வேறு ஏதாவது வாசிக்கலாம்.

நாய் என் மகனுடையது. ஊரில் சண்டை முடிந்து இரண்டாவது வருடம் நான் சிட்னிக்கு வந்தேன். அதே வருடம் அதுவும் வந்தது. நான் வீசாவுக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். அது ஒரு சனிக்கிழமை காலையில் கார்ப் பின்சீட்டில் இருந்து வந்து இறங்கியது. ஒரு கிழமைக்குள் கழுத்துத் தோலுக்குள் ஒரு நம்பர், கவுன்சிலில் பதிவு, ஊசி போட்ட புத்தகம் எல்லாம் அதற்குக் கிடைத்துவிட்டன. அதற்கு ஒரு இங்கிலீசுப் பெயரும் உண்டு. எனக்கு வாயில் வராது. நான் 'டேய்' என்பேன், அது வரும்.

அளவில் அது உரிக்காத தேங்காய் இரண்டைச் சேர்த்து வைத்த மாதிரி. ஆனால் நினைப்பில் பொலிஸ் இன்ஸ்பெக்டர். லிட்கமில் எங்கள் தெருவால் பின்னேரத்தில் ஒரு கிழவர் தன் பெரிய நாயை நடத்திக்கொண்டு போவார். நான் பூச்சாடிக்குத் தண்ணீர் விடுகிற உயரத்தில் அதன் முதுகு இருக்கும். அது யாரையும் நிமிர்ந்து பார்க்காது. எங்கள் இன்ஸ்பெக்டர் மட்டும் படலைக்குள் நின்று தினமும் அதை விசாரிக்கும். ஒரு நாள் பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து படலையைத் திறந்த நேரம், இது அவளுடைய காலுக்குள்ளால் ஓடிப்போய்ப் பெரிய நாயின் கன்னத்தில் தொங்கியது. பெரிய நாய் ஒரே ஒரு தடவை கடித்துத் தலையை ஆட்டியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் கன்னத்தில் ஒருவர் தொங்கினால் நானும் அதைத்தான் செய்வேன்.

தோளில் நான்கு பல்லு ஓட்டை, விலாவில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிந்தது. கிழவர் எங்கள் நாயைவிட அதிகமாக அழுதார். மகன் வேலையை விட்டு ஓடிவந்து மிருக டொக்டரிடம் கொண்டுபோனான். அடுத்த நாள் அது தையலோடு வந்தது. விலாவில் காயத்து ஊனத் தண்ணீர் வடிய ஒரு மெல்லிய றப்பர் குழாய், கழுத்தைச் சுற்றிக் கோயில் ஒலிபெருக்கி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூம்பு. அந்தக் கூம்போடு வாசலில் இடிக்கும், கதிரையில் இடிக்கும், இடித்த இடத்திலேயே நின்று சுவரைப் பார்த்து நடுங்கும்.

என் மருமகள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஒரு கடதாசியில் எல்லாவற்றையும் இங்கிலீசில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் காயத்தை ஒற்ற வேண்டும். நோவுக்குக் குளிசை ஒன்று, கிருமிக்குக் குளிசை ஒன்று. எனக்கு அது விளங்காது என்று பேத்தி பக்கத்தில் சூரியனும் சந்திரனும் கீறிவிட்டாள்.

"மாமி, அது பல்லைக் காட்டினால் விட்டிடுங்கோ. நான் வந்து செய்யிறன்."

"ஏழு பிள்ளையள் எனக்குப் பல்லைக் காட்டினதுகள்" என்றேன்.

அது எனக்குப் பல்லைக் காட்டவில்லை. என் பழைய நூல் சேலையை மடித்துப் போட்டு அதில் கிடத்தினேன். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, குழாயைச் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தேன். நோகிற இடத்தில் கை பட்டால் கத்தாது. மூச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கும். நான் கையை எடுத்த பிறகுதான் மூச்சு விடும். கத்தினாலாவது பேசலாம். பேசாமல் பார்க்கிறதை என்ன செய்வது.

என் முழங்காலுக்கு ஒப்பரேசன் செய்தபோது போனில் விசாரித்தவர்கள் நாயைப் பார்க்க நேரில் வந்தார்கள். கையில் பழத்தோடு வந்தார்கள். வீசா இல்லை என்று வில்லாவுட் முகாமில் தடுத்து வைத்திருக்கிற பெடியளுக்கு ஞாயிறு தோறும் சோற்றுப் பார்சல் கொண்டுபோகிற பிள்ளை ஒருத்தியும் வந்தாள். அவள்தான் வாய் திறந்து கேட்டாள்:

"அன்ரி, இதுக்கு நிரந்தர வதிவிடம் இருக்கோ?"

"ஓம் பிள்ளை. பிறக்கேக்கையே குடுத்திட்டாங்கள்."

"அப்ப கொஞ்சம் கடி வாங்கினாலும் பரவாயில்லை" என்றாள்.

மூன்றாம் நாளும் நாய் சாப்பிடவில்லை. மிருக டொக்டர் தந்த தகரச் சாப்பாடு சிமெந்து குழைத்த மாதிரி இருந்தது. நானே மணந்து பார்த்தேன். காயம் ஆற வேண்டிய உடம்புக்கு இது சாப்பாடா. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் வெட்டுக்காயக்காரனுக்கும் பத்தியம் என்று ஒன்று உண்டு. கத்தரிக்காய், நண்டு, இறால் கிட்டவும் வரக் கூடாது. காயம் சீழ் வைக்கும். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் பட்டுப்போல அரைத்து, உள்ளிப்பூண்டும் சின்ன வெங்காயமும் அள்ளிப் போட்டு, கோழி இறைச்சியோடு கொதிக்க வைக்கிற சரக்குக் கறி. ஆறு பிள்ளைப்பேற்றுக்கும் என்னை எழுப்பி விட்டது அதுதான்.

ஏழு மணிக்கெல்லாம் வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். பிறகு குசினி என்னுடையது. சரக்குக் கறி வைத்துச் சோற்றோடு குழைத்தேன். நாய் என்பதால் மிளகைக் குறைத்தேன். அவ்வளவு விவேகம் எனக்கு இருந்தது. உள்ளியைக் கூட்டினேன், காயத்துக்கு நல்லது என்று. கூம்பைக் கழற்றி ஒரு உருண்டை கொடுத்தேன். இரண்டாவது உருண்டைக்குள் நோ குளிசையை வைத்தேன், அதுவும் போனது. பிறகு தட்டை நக்கி, என் விரலை நக்கி, நிலத்தையும் நக்கியது.

பின்னேரம் மருமகள் வந்து வாலாட்டுகிற நாயைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்தீங்களோ மாமி, தகரச் சாப்பாடு பிடிச்சிட்டுது."

நான் ஓம் என்று தலையாட்டினேன். தகரச் சாப்பாடு முழுவதும் குப்பை வாளிக்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கிடந்தது. நாய் எழும்பி ஓடுகிற நாளில் எல்லோரையும் இருத்திவைத்து உண்மையைச் சொல்லலாம் என்று இருந்தேன். என்ன சொல்லில் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

குழாயைக் கழற்றினார்கள். காயம் ஓரத்தில் இருந்து மூடி வந்தது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. சரக்குக் கறி தொடங்கிய ஆறாம் நாள் காலை, அது சேலையை விட்டு எழும்பவில்லை. உருண்டையைக் காட்டினேன், மணந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. ஓடாமலே ஓடினது மாதிரி மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்லு முரசு சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளை. நிலத்தில் விட்ட மூத்திரம் பால் விடாத தேத்தண்ணி நிறம். காயத்தைப் பார்த்தேன், காயம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

அன்றைக்குச் சனிக்கிழமை. எல்லோரும் காரில் ஏறினோம். நாய் என் மடியில். மிருக டொக்டர் ஒரு இளம்பெண், பேத்திக்கு அக்கா மாதிரி. அவள் அமத்திப் பார்த்தாள், ஊசியால் இரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பி வந்தாள். அவள் பேசப் பேச பேத்தி என் காதுக்குள் தமிழில் சொன்னாள்.

"அப்பம்மா, இரத்தம் நல்லாக் குறைஞ்சிட்டுதாம். உள்ளுக்க எங்கயோ இரத்தம் போகுதோ எண்டு பயப்பிடினம். திரும்ப வெட்டிப் பாக்க வேணுமாம். இப்ப இருக்கிற நிலமையில மயக்க மருந்து குடுத்தால் எழும்பாமலும் போகலாமாம். அப்பா சைன் பண்ண வேணும்."

மகன் பேனையை வாங்கினான். டொக்டர் பெண் இன்னொன்று கேட்டாள். கேட்டதில் இரண்டு சொல் எனக்குப் பேத்தி சொல்லாமலே விளங்கியது. கடையில் தட்டுக்கு மேல் எழுதியிருக்கிற சொற்கள்தான். ஆனியன். கார்லிக்.

மகன் இல்லை என்றான். மருமகள் முன்னுக்கு வந்து ஏதோ உறுதியாகச் சொன்னாள்.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"நீங்கள்தான் பாக்கிறனீங்களாம். தான் சொன்னதைத் தவிர வேற ஒண்டும் நீங்கள் செய்ய மாட்டீங்களாம். வெரி கேர்ஃபுல் எண்டு சொல்லுறா."

பதினொரு வருடத்தில் என் மருமகள் என்னைப் பற்றி என் காது கேட்கச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதை நானே பொய்யாக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். மறைக்க மாட்டேன். நாய்தானே என்று ஒரு நினைப்பும் வந்தது. செத்தால் கடியில் செத்தது என்று போய்விடும், ஏழு பிள்ளை வளர்த்த பெயர் எனக்கு இருக்கும். அந்த நேரம் டொக்டர் பெண் விலாவை அமத்தினாள். அது கத்தவில்லை. மூச்சை நிறுத்தி, சுற்றி நின்ற அத்தனை பேருக்குள்ளும் என் முகத்தைத் தேடிப் பார்த்தது.

"மீ" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். "ஆனியன் கிவ். கார்லிக் கிவ். எவ்ரி டே. மீ."

இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரியோடு நான் நேராகப் பேசிய முதல் இங்கிலீசு அதுதான். வேறு நல்ல விஷயமாக இருந்திருக்கலாம்.

"சீரியஸ்லி, அப்பம்மா?" என்றாள் பேத்தி.

டொக்டர் பெண் மகனின் கையில் இருந்து கடதாசியைத் திருப்பி வாங்கினாள். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கரைத்துவிடுமாம். மனிதருக்கு ஒன்றும் செய்யாதாம். இனி வெட்டத் தேவையில்லை, வேறு நாயின் இரத்தம் ஏற்றி, சேலைன் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். என்னிடம் வந்து, சொன்னதற்கு நன்றி என்றாள். அவள் ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். நன்றிக்கு நாயின் தலையைத் தடவினேன்.

நாயை அங்கே விட்டுவிட்டு வந்தோம். மகன் காரை எடுத்தான். பிறகு மருமகள் முன் கண்ணாடியைப் பார்த்தபடி தொடங்கினாள்.

"மாமி, கொழும்பில இவள் பிறக்கேக்கை எனக்கும் இதைத்தானே தந்தனீங்கள்."

"ஓம்."

"நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான்."

"நீர் பிழைச்சுத்தானே இருக்கிறீர்."

மகன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு அவளுடைய தோளும் குலுங்கியது. அழுகையோ சிரிப்போ, பின்சீட்டில் இருந்து எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாளைக்குப் பிறகு நாய் வந்தது. இரத்தம் கொடுத்தது ஒரு பெரிய நாயாம். இனியாவது பெரிய நாய்களுக்கு மரியாதை கொடுக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. குளிர்சாதனப் பெட்டியில் புதுக் கடதாசி. பேத்தி வெங்காயப் படம் கீறிச் சிவப்புக் கோட்டால் வெட்டியிருந்தாள், உள்ளியும் கீறி வெட்டியிருந்தாள். கீழே சேலை கட்டிய ஒரு உருவமும் இருந்தது. அதை வெட்டவில்லை, சுற்றி வட்டம் மட்டும் போட்டிருந்தாள். யார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது உப்பும் போடாமல் கோழியை அவித்துக் கொடுக்கிறேன். அதைச் சாப்பாடு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாய் சாப்பிடுகிறது. சாப்பிட்டுவிட்டு என் கையை மணந்து, பழைய கறி எங்கே என்று பார்க்கிறது. யார் தன்னைக் கொல்லப் பார்த்தது என்று அதற்குத் தெரியாது. அதற்கு எடுத்துச் சொல்லவும் வழியில்லை. நான் எங்கே இருந்தாலும் தேடிவந்து தையல் போட்ட பக்கத்தை என் காலில் சாய்த்துக்கொண்டு படுக்கிறது.

விசாரிக்கிறவர்களுக்கு மகன் கிருமி என்று சொல்கிறான். பழத்தோடு வந்தவர்கள் எல்லோருக்கும் கிருமிதான். என் மானத்தைக் காப்பாற்றுகிறானாம். வெட்டுக் கத்திக்கு முன்னால் நின்று என் வாயால் சொன்னதை இவன் வீட்டில் இருந்து அழித்துக்கொண்டிருக்கிறான். அதனால்தான் இந்தக் கொப்பி.

எழுத்து வளைந்து கிடக்கிறது, எனக்கே சில இடம் பிடிபடவில்லை. பேத்தி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள்.

"இஞ்ச வா பிள்ளை. இதை முதலில இருந்து வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. உள்ளி வாற இடத்தில உன்ர அப்பாவுக்காக ஒண்டையும் விட்டுப்போட்டு வாசிக்காதை."