குந்தி அடுக்கிய கல்

எங்கள் சித்தப்பா ஊருக்கு ஒரு கதை வைத்திருந்தார். கேட்க வருகிறவர்கள் எந்த ஊரோ, அதற்குத் தகுந்த கதை.

அவர் அப்பாவின் தம்பி. எங்களோடு ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். அப்பா ரயில் யார்டில் கலாசி, எடுபிடி வேலை. காலையில் போவார், கிரீஸ் நாற்றத்தோடு வருவார், சாப்பிடுவார், படுப்பார். பேச்சு கிடையாது. நானும் அப்பா மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டுப் பேச்சு முழுவதையும் சித்தப்பா ஒருத்தரே பேசித் தீர்த்தார்.

குளிர்காலத்தில் கங்காசாகருக்கு நம் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். கடலில் முங்கி, காளிகாட் பார்த்து முடித்த பிறகு ஊருக்கு ரயில் ஏற ஒரு நாள் மிச்சமிருக்கும். அந்த ஒரு நாளை ஹவுராவில் ஒரு டூர் ஆபீஸ்காரர் பிடித்துக்கொண்டார். விடிகாலையில் பஸ் கிளம்பும். முதலில் பிஷ்ணுபூர் கோயில்கள். திரும்பும் வழியில் கங்கனி என்ற இடத்தில் செம்மண் குகைகளும் ஆறும். பிறகு நேராக ஹவுரா. முதலாளி வங்காளி. தமிழில் சொல்ல ஆள் வேண்டும். அப்படித்தான் சித்தப்பா போனார்.

வேலை நிரந்தரமில்லை. மூன்று பார்ட்டி கூட்டிப் போ, மூன்றும் குறை சொல்லாமல் திரும்பினால் மாதச் சம்பளம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த மாதச் சம்பளத்தில்தான் எல்லாம் இருந்தது. சித்தப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நகரத்துக்குள், டாக்குரியாவில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பேங்கில் பியூன். பையனைப் பிடித்திருக்கிறது, வேலை நிலைக்கட்டும், மாசியில் முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெண் பார்க்கப் போன அன்று சித்தப்பா ஏதோ சொல்ல, உள் அறையிலிருந்து பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டதாம். அம்மா அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பார்ட்டிக்கும் முதல் நாள் சாயங்காலம் வீட்டில் சொல்லிப் பார்ப்பார். நான்தான் பார்ட்டி. கட்டிலில் உட்காரவேண்டும். குழம்புக் கரண்டிதான் மைக். நான் சிரிக்காத இடத்தை மாற்றுவார்.

“இவ சிரிச்சா ஊரே சிரிச்ச மாதிரி அண்ணி” என்பார் அம்மாவிடம்.

எனக்கு எட்டு வயது. பள்ளியில் எதுவும் மனதில் நிற்காது. சித்தப்பாவின் கதைகள் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நின்றன.

கங்கனியில் பீமன் பகாசுரனைக் கொன்றதாக அந்தப் பக்கத்து ஜனங்களே சொல்வார்கள். அது சித்தப்பாவின் கதை இல்லை. அதற்கு மேல் அவர் கட்டியதுதான் அவருடையது. முதல் பார்ட்டி கும்பகோணம். குகை வாசலில் மூன்று கல் அடுக்கினால் வீட்டில் தடைப்பட்ட கல்யாணம் நடக்கும் என்றார். இரண்டாவது ஈரோடு. அவர்களுக்கு அதே மூன்று கல், சொந்த வீடு அமையும் என்றார். நம் ஜனங்கள் எந்த மலையில் ஏறினாலும் கல் அடுக்குகிறவர்கள்தானே. அடுக்கினார்கள். சந்தோஷமாக வந்தார்கள்.

மூன்றாவது பார்ட்டி உடன்குடிப் பக்கம். அன்று என் தம்பிக்குக் காய்ச்சல். அம்மா அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவேண்டும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. சித்தப்பா என்னைக் கூட்டிப் போனார்.

“பஸ்ஸுல வாயைத் தெறக்கக் கூடாது” என்றாள் அம்மா.

“இவளா? இவ வாயைத் தெறக்கணும்னா நான் காசு குடுக்கணும்” என்றார் சித்தப்பா.

டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் கம்பளி விரித்து என்னை உட்காரவைத்தார்கள். சூடாக இருந்தது. பனியில் ரோடே தெரியவில்லை. சித்தப்பா மைக்கைத் தட்டிப் பார்த்து ஆரம்பித்தார்.

பார்ட்டிக்குத் தலைவர் ஓர் உரக்கடைக்காரர். எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் சிரித்தால் மற்றவர்கள் சிரித்தார்கள். முதல் சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்த அம்மா யாரோடும் பேசவில்லை. வழியில் கோலாகாட்டில் டீக்கு நிறுத்தியபோது பையிலிருந்து கருப்பட்டி ஒரு துண்டு உடைத்து என் கையில் வைத்தாள். அவ்வளவுதான். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிஷ்ணுபூர் கோயில்களெல்லாம் சுட்ட செங்கல். சுவர் முழுக்க மண்ணில் செய்த சின்னச் சின்னப் பொம்மைகள்.

“ராஜாகிட்ட காசு இருந்துச்சு, கல்லு இல்ல. இங்க மலையே கிடையாதே. அதனால மண்ணைச் சுட்டுக் கோயிலைக் கட்டிட்டாரு” என்றார் சித்தப்பா.

“எங்க ஊரு சூளைக்காரன் பாத்தான்னா தூக்கு மாட்டிக்கிடுவான்” என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்த ஒரு கிழவி கேட்டாள். “என்ன தம்பி, கோயிலுங்கீரு, உள்ள சாமியக் காணுமே?”

“டிரான்ஸ்பர் ஆயிட்டாங்க பாட்டி. சென்ட்ரல் கவர்மென்ட் எடம் இல்லையா, சாமியா இருந்தாலும் மாத்திருவாங்க.”

கிழவி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த டிரான்ஸ்பர் பேச்சு புதிது. வீட்டில் சொல்லிப் பார்க்காதது. நானும் சிரித்தேன். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து மத்தியானம் கங்கனிக்கு வந்தோம். மேலே நின்று பார்த்தால் பூமி வெடித்துக் கிடப்பது போல் இருக்கும். கீழே போகப் படிகள். சிவந்த சுவர்கள், மழை அரித்த பொந்துகள், குகைகள். அதற்கு அப்பால் ஆறு. குளிர்காலத்தில் தண்ணீர் குறைவு. மணல் வெள்ளையாக, நடுவில் ஒரு நீலக் கோடு.

“உங்க ஊருத் தேரி மண்ணு இருக்கே, அதுக்கு அக்கா முறை வேணும் இந்த மண்ணு” என்றார் சித்தப்பா.

உடன்குடிக்காரர்களுக்கு அது போதுமாக இருந்தது. குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தார்கள். “ஆமாடே, அதே செவப்பு” என்றார்கள். அண்ணாச்சி சித்தப்பாவின் தோளில் தட்டினார்.

“ஓம்ம மொதலாளிகிட்ட நானே சொல்லுதேன். அடுத்த வருசம் ரெண்டு பஸ்ஸு கொண்டாருவேன், நீருதான் வரணும்.”

சித்தப்பா என் பக்கம் திரும்பி ஒரு கண்ணைச் சிமிட்டினார். மாதச் சம்பளம் வந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது.

குகை வாசலில் பீமன் கதை சொன்னார். பகாசுரன் ஊர் ஜனத்தை நாளுக்கு ஒருத்தராகத் தின்ற கதை, குந்தி தன் பிள்ளையை அனுப்பிய கதை. சுவரில் வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டி, அசுரனின் எலும்பு என்றார். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். பழைய பார்ட்டிகள் அடுக்கிய கற்கள் வாசல் ஓரத்தில் அப்படியே இருந்தன.

அப்போதுதான் கருப்பட்டி கொடுத்த அம்மா முன்னால் வந்தாள். அன்றைக்கு முதல்முறையாகப் பேசினாள்.

“தம்பி, இந்தக் கல்லு என்னத்துக்கு?”

சித்தப்பா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். இந்தப் பார்ட்டிக்கு, பனைமரம் நன்றாகப் பாளை விடும் என்று சொல்லவேண்டும்.

அவள் சொன்னாள். “எம் மவன் வீட்ட விட்டுப் போயி மூணு வருசமாச்சு. எங்க இருக்கான்னே தெரியல. அதுக்கு வேண்டிக்கிடலாமா?”

அவள் புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அந்தக் கற்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். மைக் குரல் இல்லை.

“அதுக்குத்தான்மா இந்தக் கல்லே. பீமன் சண்டைக்குப் போனப்போ குந்தி இங்கதான் உக்காந்திருந்தா. மனசு ஆறாம ஒரு கல்லு வச்சா. வரல. ரெண்டாவது வச்சா. வரல. மூணாவது வைக்கும்போது பிள்ள வந்து நின்னுச்சு. அதுலேர்ந்து, பிள்ளையைக் காணாத தாய்மாருங்க வந்து அடுக்குறாங்க.”

அந்த அம்மா மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கல் வைத்தாள். ரொம்ப நேரம் தேடி இரண்டாவது எடுத்தாள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நான் ஏன் அப்போது பேசினேன் என்று இன்றைக்கும் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. பாடம் வராத பிள்ளைக்குத் தெரிந்த ஒரே பாடம் அது. அதில் தப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான் இருக்கும்.

“சித்தப்பா, நீங்க ஈரோட்டுக்காரங்களுக்கு வீடு கட்டன்னுதானே சொன்னீங்க? கும்பகோணத்துக்குக் கல்யாணம். இவங்களுக்குப் பனைமரம்னு நேத்து சொல்லிப் பாத்தீங்களே. குந்தி கல்லு வச்சது எப்போ?”

என் குரல் அந்த மண் சுவர்களில் பட்டு எல்லோருக்கும் கேட்டது. வாழ்க்கையில் நான் அத்தனை நீளமாகப் பேசியது அதற்கு முன்னால் கிடையாது.

அண்ணாச்சி திரும்பினார். “என்ன தம்பி இது? பாப்பா என்னமோ சொல்லுதா?”

பாட்டி ஒருத்தி குறுக்கே வந்தாள். “விடும் அண்ணாச்சி. சின்னப்புள்ள, கனவு கண்டு ஒளறுது.”

“அதான் கேக்கேன். ஏ பாப்பா, நீ பொய் சொல்லுதியா?”

“நான் பொய் சொல்லல” என்றேன். அழுகை வந்தது. “வீட்ல என்கிட்டதான் சொல்லிப் பாப்பாரு. எல்லாம் எனக்குத் தெரியும்.”

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வீட்டில், நான் எந்த இடத்தில் சிரிக்கிறேன் என்று பார்ப்பாரே, அந்த மாதிரி பார்த்தார்.

“புள்ள சொல்றது சரிதான் அண்ணாச்சி. நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

“தெய்வக் காரியத்துலயா? பெத்தவ வயித்தெரிச்சலோட வந்து நிக்கா, அவகிட்டயா?” அண்ணாச்சியின் முகம் சுவரைப் போல் சிவந்தது. “நாங்க என்ன கேணையனுவளா? எல்லாரும் மேல ஏறுங்க. இந்த ஆளு இனி ஒண்ணும் சொல்லவேண்டாம்.”

படியில் கால் வைக்கும்போதே முதலாளியைக் கூப்பிடச் செல்போனை எடுத்துவிட்டார்.

அந்த அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது கல் கையில் இருந்தது.

“அப்பம் அவன் வரமாட்டானா தம்பி?”

பேசியே பிழைக்கிற மனிதர். குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார். அவள் கல்லை மற்ற இரண்டின் மேல் வைக்காமல் பக்கத்தில் மணலில் வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். புருஷன் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

பிறகு நடந்தது அதிகமில்லை. முதலாளி வேறு ஆளைப் போட்டார். டாக்குரியாவிலிருந்து தகவல் நின்றுபோயிற்று. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணை ஜாம்ஷெட்பூரில் கொடுத்ததாக அம்மா கேள்விப்பட்டாள். எங்களிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்கப் போனார். இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. பேச்சு குறைந்து குறைந்து, அப்பா உயிரோடு இருந்த காலத்திலேயே அவருக்குச் சமமாக வந்துவிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றேன். இட்லி மாவு அரைத்து லேக் பக்கம் தமிழ் வீடுகளுக்குக் கொடுக்கிறேன். டாக்குரியாவுக்கும் போகிறேன். அந்தப் பெண் வீடு இருந்த தெரு வழியாகப் போவதில்லை.

ஒரு தடவை கேட்டுவிட்டேன். “அன்னைக்குக் கங்கனியில நான் பேசினது…”

“எது?” என்றார். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல சித்தப்பா.”

“சரி” என்று வேலைக்குப் போனார். அதற்கு மேல் பேச எங்கள் வீட்டில் யாருக்கும் வராது.

குறுக்கே வந்த அந்தப் பாட்டி அன்று வழி காட்டியிருந்தாள். புள்ள ஒளறுது என்று சித்தப்பாவும் சிரித்திருந்தால் போதும். முப்பத்தாறு பேரும் சிரித்திருப்பார்கள். அந்த அம்மா மூன்றாவது கல்லையும் வைத்திருப்பாள். எனக்கு ஒரு பொய்க்காரப் பட்டம் வந்திருக்கும், பஸ் அடுத்த ஊரான கர்பேத்தா தாண்டுவதற்குள் போயிருக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

அன்றைக்குத் தெரிந்தது வேறு. எல்லோரும் ஏறிப் போனபின் நானும் சித்தப்பாவும்தான் கீழே இருந்தோம். வெயில் சாய்ந்து குகைகளெல்லாம் இன்னும் சிவப்பாகியிருந்தன. படி நிறைய. எனக்குக் கால் வலித்தது. அவர் குனிந்து என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். மூச்சு வாங்க ஏறினார். மேலே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் தலைமயிர்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆறு முழுவதும் தெரிந்தது.

“சித்தப்பா, நான் பொய் சொல்லல, இல்ல?”

“இல்ல.”

“நான் சொன்னதுதான் சரி?”

“சரிதான்.”

அவர் வாயால் கேட்க நன்றாக இருந்தது. பாதிப் படியில் இன்னொரு தடவை கேட்டேன். நின்று, மூச்சு விட்டு, இன்னொரு தடவையும் சரிதான் என்றார்.