நான் அனிமே பார்ப்பதில்லை

தில்லி கரோல் பாக் வாடகை வீட்டில், டிவிக்குப் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் என் பொம்மைகள் இருந்தன. கை, கால், கழுத்து எல்லாம் மூட்டு மூட்டாக அசையும் ஜப்பான் பொம்மைகள். பெரிய பெரிய கண்கள். ஒன்றுக்கு நீல முடி வேறு. டிவியில் ஜப்பான் கார்ட்டூன்கள் வரத் தொடங்கியிருந்த காலம். வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "அச்சா, அனிமே பார்ப்பீங்களா சார்?" என்று கேட்டுவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு அனிமேகூடப் பார்த்ததில்லை என்று ஆரம்பித்து, பொம்மைக்கு நானே கண்ணாடிக் கண் பொருத்துவதிலிருந்து விரல் நகத்துக்குச் சாயம் பூசுவதுவரை விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் காபியில் ஏடு கட்டியிருக்கும். நாற்பது வயது மத்திய அரசு ஊழியனின் தன்மானப் போராட்டம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் ஏன் அதையே கேட்கிறார்கள் என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

"என்னன்னு?"

"உங்களுக்கு ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம்னு. பின்ன, வீட்டுக்காரர் பொம்மைக்குப் பாவாடை தைக்கறார்னா சொல்ல முடியும்?"

அன்று மாலை மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரர் வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "அனிமே?" என்றார். தைத்துக்கொண்டிருந்த சின்னப் பாவாடையை அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "ஹாஞ்சி, ஆமாம்" என்றேன் பணிவாக. அவர் எழுந்து போகும்வரை ஊசி நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.