நிரப்ப வேண்டாம் என்று நான் சொன்ன இடம்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் நிதானமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அப்பாவுக்கும் கடைசி நாட்களில் நிதானம் இருக்கவில்லை. காரணம், ஒரு செய்தித்தாள்.

அம்பாசமுத்திரத்தில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கஷ்டப்பட்டு டிப்ளமோ முடித்தவர் அப்பா. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து, பாலாநகர் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக ஓய்வு பெற்றார். மயிரிழை விரிசல் இருந்தாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் அம்மாவின் தோசைக்கும் அதே கதிதான்.

நான் மென்பொருள் வேலையில் சேர்ந்த புதிதில், எங்கள் ஹப்சிகுடா வீட்டு மாடிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மேல்படிப்புக்கு வந்த ஒரு பத்திரிகையாளர் குடிவந்தார். தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாடி நண்பர் தன் நாட்டில் வேலை பார்த்த பத்திரிகை அவருக்குத் தபாலில் வரும். ஒரு நாள் முதல் பக்கத்தில் பாதி வெறுமையாக இருந்தது. அப்பா சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எம்மா, இதப் பாத்தியா? பாதிக்கு அச்சே விழல. எவன் இதப் பாஸ் பண்ணினான்?"

நண்பர் சிரிக்கவில்லை. தன் நாட்டு அதிபரின் ஆட்கள் ஏழைகளின் நிலத்தைப் பிடுங்கிய செய்தி அது, அரசு தடுத்துவிட்டது. வேறு செய்தி போட்டு மறைக்காமல் இடத்தை அப்படியே விட்டால்தான், எதையோ ஒளிக்கிறார்கள் என்று மக்கள் கேள்வி கேட்பார்கள் என்றார்.

"அதப் போயி ரிஜெக்ட் பண்ணிட்டேனேம்மா," என்று அப்பா அன்று முழுக்கப் புலம்பினார்.

படிப்பு முடிந்ததும் நண்பர் ஊருக்குக் கிளம்பினார். இங்கேயே வேலை தேடிக்கொள்ளும்படி அப்பா கெஞ்சினார். "நக்கோ, அங்கிள்," என்று நம்மூர் இந்தியில் மறுத்தவர், எல்லோரும் வெளியேறிவிட்டால் அங்கே எழுத யார் இருப்பார்கள் என்று கேட்டார்.

போன பிறகு பத்திரிகையை அப்பா பெயருக்கே அனுப்பினார். திடீரென்று அது நின்றது. ஆசிரியர் கைதான செய்தியை இணையத்தில் படித்தேன். நண்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. தபால்காரர் தலை தெரிந்தாலே அப்பா வாசலுக்கு ஓடுவார். மருத்துவமனையில் என்னிடம் கடைசியாகக் கேட்டதும் அதுதான்: "பேப்பர் வந்துச்சாம்மா?"

வரவில்லை. இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன், இருப்புக்கொள்ளவில்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், தோள் கொடுத்த மல்காஜ்கிரி சித்தப்பா குடும்பத்தார், அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் நன்றி. நன்றிக்குரிய இன்னொருவர் எங்கே, யார் பிடியில் இருக்கிறாரோ தெரியாது. பெயரை அச்சிட்டால் அவருக்கு ஆபத்து வரலாம். அதனால் இதன் கீழே வெற்றிடம் விடச் சொன்னேன். அச்சகத்தார் அங்கே குத்துவிளக்குப் படம் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்பா இருந்திருந்தால் இந்தப் பக்கத்தைப் பாஸ் பண்ணியிருப்பார்.